டைரக்டர் வேதகிரி கட் சொல்லாமல் விட்ட அழுகை

இதை எனக்கு முதன்முதலில் சொன்னது ஜெசிந்தா என்கிற பெண். இந்தத் தவக்காலத்தின் மூன்றாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை, கண்ணாஸ்பத்திரியில் சொட்டு மருந்து விட்டு எங்களை வரிசையாக உட்கார வைத்திருந்த பெஞ்சில், தன் அம்மாவின் பைலை மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள். அம்மா அவளுக்கு அந்தப் பக்கம் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். அவள் சொன்னபடியே சொல்கிறேன், நானாக ஒன்றும் கூட்டவில்லை.

அந்த அம்மாவின் பெயர் அமலோற்பவம். சாலிகிராமத்தில், சினிமாவில் கூட்டமாக நிற்கிறவர்கள் குடியிருக்கிற தெருவில் அவள் வீடு. கல்யாணக் காட்சி என்றால் பந்தியில் உட்காருவாள், சந்தைக் காட்சி என்றால் கத்தரிக்காய் பொறுக்குவாள், ஆஸ்பத்திரிக் காட்சி என்றால் தூக்குப்போசியோடு வராந்தாவில் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் நடப்பாள். நூற்றுக்கு மேற்பட்ட படங்களில் அவள் இருக்கிறாள், ஒன்றில்கூட அவள் முகம் இல்லை. அது அவளுக்கு ஒரு குறையாகவும் இருந்ததில்லை. அவள் புருஷன் சூசை லைட் தூக்குகிறவர். ஒரே படத்தில் இரண்டு பேருக்கும் வேலை கிடைத்தால் அது அவர்களுக்குத் திருவிழா மாதிரி, டிபன் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு லைட் வண்டி நிழலில் சேர்ந்து சாப்பிடுவார்கள்.

முப்பத்து நாலு வருஷத்துக்கு முன்னால், ஜெசிந்தாவுக்கு மூன்று வயது ஆகியிருந்தபோது, டைரக்டர் வேதகிரி 'தாழங்கரை' என்று ஒரு படம் எடுத்தார். படகு கவிழ்ந்து பத்துப் பதினைந்து பேர் செத்துப்போய், பெண்கள் எல்லாரும் கரையில் விழுந்து அழுகிற காட்சியைப் பழவேற்காட்டில் எடுத்தார்கள். இருநூறு பெண்களை விடியற்காலை நாலு மணிக்கு வேன்களில் ஏற்றிப் போய்க் கரையில் இறக்கினார்கள். பெரிய நடிகைகளுக்குத்தான் கண்ணில் கிளிசரின் போடுவார்கள், கூட்டத்துக்கு அதெல்லாம் கிடையாது, கூட்டம் சொந்தக் கண்ணீரில்தான் அழ வேண்டும். அமலோற்பவம் செத்துப்போன தன் அம்மாவை நினைத்து ஆரம்பித்தாள், பிறகு எதையும் நினைக்காமலே அது வந்தது. வேதகிரி ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தவர் அவள் முன்னால் நின்றார், மண்ணில் குந்தி உட்கார்ந்தார், அடுப்பில் வைத்த பாலைப் பார்ப்பதுபோல அவள் முகத்தையே பார்த்தார். அதற்கு முன்னால் எந்த டைரக்டரும் அவளிடம் நேராகப் பேசியதில்லை.

"அப்படியே இரும்மா," என்றார். "இதை விட்டுடாதே. நான் வர்றேன்."

அந்தத் தொழிலில் ஒரு சட்டம் உண்டு. டைரக்டர் அப்படியே இரு என்று சொல்லிவிட்டால் அப்படியே இருக்க வேண்டும், நெற்றியில் வழிகிற வேர்வையைத் துடைக்கக் கூடாது, சரிந்த முந்தானையை இழுத்துவிடக் கூடாது, ஈ உட்கார்ந்தாலும் உட்கார்ந்ததுதான். ஒரே காட்சியைத் துண்டு துண்டாக எடுக்கிறவர்கள் அவர்கள். காலையில் எடுத்த துண்டில் கன்னத்தில் இருந்த கண்ணீர் மத்தியானம் எடுக்கிற துண்டில் இல்லாமல் போனால் படம் பார்க்கிறவர்கள் சிரித்துவிடுவார்கள். அதற்குக் கன்டின்யூட்டி என்று பெயர், அதைக் கெடுத்தவளைக் கூட்டத்துக்கு ஆள் பிடிக்கிற ஏஜென்ட் அடுத்த வேனில் ஏற்ற மாட்டான். டைரக்டரே வந்து கட் சொன்னால்தான் விடுதலை, உதவி டைரக்டர் சொன்னால்கூடச் செல்லாது.

வேதகிரி போனார். கதாநாயகன் பகுதியை வெயில் இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும் என்று காமிராவைக் கரையின் அந்தக் கோடிக்குக் கொண்டுபோனார்கள், அங்கே வேலை இழுத்தது, மேகம் வந்து மூடியது, வெயிலுக்காக ஒரு மணி நேரம் காத்திருந்தார்கள், வெயில் வரவில்லை, அந்தக் கோடியிலேயே விசிலடித்துப் பேக்கப் சொல்லிவிட்டார்கள். இருநூறு பெண்களும் மூக்கைச் சிந்திவிட்டு வேனில் ஏறினார்கள். அமலோற்பவம் அழுதுகொண்டே ஏறினாள், அழுதுகொண்டே வீட்டில் இறங்கினாள், அழுதுகொண்டே உலை வைத்தாள். மறுநாள் கூப்பிடுவார்கள் என்று இருந்தாள். மறுநாள் அவர்கள் வேறு ஊருக்குப் போய்விட்டிருந்தார்கள்.

அன்றிலிருந்து அவள் கண்ணீர் நிற்கவில்லை.

துக்கம் ஒன்றும் இல்லை. விசும்பல் கிடையாது, மூக்கு அடைக்காது. கண் மட்டும், ஒழுகுகிற குழாய் போல, இரண்டு பக்கமும் ஒரே சீராக, தூங்கும்போதும் விழித்திருக்கும்போதும், சிரிக்கும்போதும் வழியும். அவள் முகத்தைத் துடைக்கவே மாட்டாள். சொட்டு தாடைக்கு வந்து சேர்ந்த பிறகுதான் துண்டில் வாங்கிக்கொள்வாள், கன்னத்தில் இருப்பது கன்னத்திலேயே இருக்கும், அது டைரக்டருடையது அல்லவா. சூசை ஒரு தலையணைக்கு மூன்று உறை தைத்துக் கொடுத்தார். வெயில் நாளில் அவள் ரவிக்கையின் தோளும் மாரும் உப்புப் பூத்து வெள்ளையாகிவிடும், கொடியில் காயப்போட்டால் கோடிவீட்டு ஆடு வந்து நக்கிக்கொண்டு நிற்கும், கடைசியில் அந்த வீட்டுக்காரர்களே ஆட்டைக் கூட்டிக்கொண்டு வந்து நக்கவிட்டுப் போகிற வழக்கம் வந்தது.

தெருவுக்கு முதல் மாதம் பயமாக இருந்தது, இரண்டாவது மாதம் சங்கடமாக இருந்தது, மூன்றாவது மாதம் சௌகரியமாகிவிட்டது. ரேஷன் கடையில் அவளைப் பார்த்ததும் முதலில் போட்டு அனுப்பிவிடுவார்கள், அதனால் பத்து வீட்டு அட்டையும் அவள் பையில் இருந்தது. தாலுகா ஆபீசில் மனு கொடுக்கிறவர்கள், ஸ்டேஷனில் பிள்ளையை மீட்கப் போகிறவர்கள், பள்ளிக்கூடத்தில் இடம் கேட்கிறவர்கள் எல்லாரும், அமலோக்கா, சும்மா பக்கத்தில் நில்லுங்கள், ஒன்றும் பேச வேண்டாம் என்று கூட்டிப் போனார்கள். அவளும் போய் நின்றாள். கல்யாணத்துக்கும் சீமந்தத்துக்கும் மட்டும் யாரும் அவளைக் கூப்பிடவில்லை. பத்திரிகை வரும், நீ வராதே என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள், அவளும் போக மாட்டாள், மறுநாள் பலகாரம் மட்டும் தூக்குப்போசியில் வந்து சேரும். ஜெசிந்தாவின் கல்யாணத்தன்று கோயிலின் கடைசி வாசலுக்கு வெளியே, செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்று அவள் பூசை கண்டாள்.

பங்குச் சாமியார் ஒரு தவக்காலத்தில் அவளை, மகனுக்காக அழுது நிற்கிற வியாகுல மாதாவின் சுரூபத்துக்குப் பக்கத்தில் முழந்தாளிட்டு இருக்கச் சொன்னார். இரண்டாவது வெள்ளிக்கிழமையே வெளியூரிலிருந்தெல்லாம் மெழுகுதிரியோடு ஆட்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள், ஒரு பெண் அவள் முந்தானையைப் பிழிந்து பாட்டிலில் பிடித்துக்கொண்டு போனாள். அமலோற்பவத்துக்கு மனசு கேட்கவில்லை. சாமி, இது ஜெப அழுகை இல்லை, ஷூட்டிங் அழுகை, மாதாவை நான் ஏமாற்ற மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். சாமியார், அப்படியானால் கடைசி பெஞ்சில் காற்றாடிக்குக் கீழே உட்காரம்மா, காய்ந்துவிடும் என்றார்.

அவள் வேதகிரியைத் தேடிப் போகாமல் இல்லை. முதல் தடவை அவர் ஆபீஸுக்குப் போனபோது, அழுதுகொண்டு வருகிற பெண்களை உள்ளே விடக்கூடாது என்று அங்கே ஒரு ஏற்பாடு இருந்தது. இரண்டாவது தடவை ஷூட்டிங் நடக்கிற இடத்துக்கே போனாள். வேதகிரி தூரத்திலிருந்து பார்த்தார், பார்த்துப் பதறிப்போனார், யார் அந்த அம்மாவை அழவைத்தது, நிழலில் உட்காரவைத்து மோர் கொடுங்கள் என்று சத்தம் போட்டார். மோர் வந்தது. அவர் அடுத்த ஷாட்டுக்குப் போய்விட்டார். நல்ல மனுஷன்தான் என்று அவள் வீட்டில் வந்து சொன்னாள். தான் சொன்னது தனக்கே ஞாபகம் இல்லாத நல்ல மனுஷன்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் சூசை செத்துப்போனார். பெட்டிக்குப் பக்கத்தில் அவள் உட்கார்ந்திருந்தாள், கண்ணில் நீர் வழிந்தது, முந்தின நாள் வெங்காயம் நறுக்கும்போது எப்படி வழிந்ததோ அதே அளவுக்கு வழிந்தது. வந்தவர்கள் எல்லாரும் அவளைப் பார்த்தார்கள், பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். சூசைக்கென்று எடுத்துக் கொடுக்க அவளிடம் தனியாக ஒரு சொட்டு இல்லை. அது ஒன்றுதான் தன்னை உள்ளே அரித்தது என்று அவள் பிறகு மகளிடம் சொன்னாளாம்.

வேதகிரி இரண்டு வருஷத்துக்கு முன்னால் இறந்தார். ஊரே திரண்டது, அவளும் போனாள், அன்றைக்கு ஒரு நாள்தான் அவள் அழுகை ஊரோடு ஒத்துப்போனது. டிவிக்காரர்கள் அவள் முகத்தைப் பக்கத்தில் வந்து எடுத்துச் சாயங்காலச் செய்தியில் இரண்டு தடவை போட்டார்கள். காமிராவில் முகம் வந்துவிட்டால் நின்றுவிடும் என்று தெருவில் ஒரு எண்ணம் இருந்தது. நிற்கவில்லை. ஆக, காமிரா காரணம் இல்லை என்று தெரிந்தது.

இதற்குள் அவளுக்கு வலது கண் போய்விட்டது. முதலில் புகை மாதிரி, பிறகு வெள்ளைத் துணி மாதிரி, பிறகு ஒன்றும் இல்லை. இடது கண்ணிலும் புரை முற்றிக்கொண்டு வந்தது. இதை எடுத்துவிடலாம், ஆனால் நீர் வழிகிற கண்ணில் கத்தி வைத்தால் சீழ் பிடித்துவிடும், நின்ற பிறகு கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார் டாக்டர். எப்போது நிற்கும் என்று ஜெசிந்தா கேட்டாள். அதை உங்கள் அம்மாவிடம்தான் கேட்க வேண்டும் என்றார் அவர். இந்த வருஷத்துக்குள் நின்றாக வேண்டும், தாண்டினால் அந்தக் கண்ணும் இல்லை.

அந்தச் சமயத்தில்தான், மூடிக் கிடந்த ஒரு பழைய ஸ்டுடியோவை அருங்காட்சியகமாக மாற்றி, அதில் வேதகிரியின் ஐம்பது வருஷத்தைக் கண்காட்சியாக வைத்தார்கள். அவருடைய தொப்பி, நாற்காலி, கழுத்தில் தொங்கவிட்டுப் பார்க்கிற கண்ணாடி, முப்பத்தோரு படத்தின் சுவரொட்டிகள், தலையில்லாத பொம்மைகளுக்குப் போட்ட உடுப்புகள் எல்லாம் இருந்தன. எல்லாவற்றுக்கும் மேலாக அவர் குரலைக் கேட்கலாம், பொத்தானை அழுத்தினால் பேசுகிறார் என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். தெரு முழுவதும் அதைப் படித்தது. அவளோடு கூட்டத்தில் நின்று நின்று வயதான கமருன்னிசா பேப்பரை எடுத்துக்கொண்டு நேரே வந்தாள்.

"எழுந்திரு அமலோ, புடவை மாத்து. ஆள்தான் செத்துட்டார், கொரல் இருக்காமே. ஒரு 'கட்' இல்லாமலா போயிடும்."

ஒரு சனிக்கிழமை ஜெசிந்தா லீவு போட்டாள், மூன்று பேரும் இரண்டு பஸ் மாறிப் போனார்கள்.

உள்ளே போன கால்மணி நேரத்தில் வந்தவர்கள் கண்காட்சியை விட்டுவிட்டு அமலோற்பவத்தைப் பார்க்க ஆரம்பித்தார்கள். கண்ணீர் வழிய வழிய அவள் தொப்பியைப் பார்த்தாள், நாற்காலியைப் பார்த்தாள், ஐயா மேல் எவ்வளவு பிரியம் பாருங்கள் என்று ஒருத்தர் தன் பிள்ளைக்குக் காட்டினார், இரண்டு மூன்று பேர் போனில் படம் பிடித்தார்கள். கமருன்னிசாவுக்கு எரிச்சல். அவளும் காட்சிப் பொருள்தான், கண்ணாடிக்குள்ளே வைக்க மறந்துவிட்டார்கள் என்று சொல்லிக்கொண்டே கூட்டத்தைத் தள்ளினாள். அடையாள அட்டை மாட்டியிருந்த இலக்கியா என்கிற பெண் ஓடி வந்து தண்ணீர் கொடுத்து, உட்காரச் சொல்லி, பெரியம்மா, ஐயாவை உங்களுக்கு நேரில் தெரியுமா என்று கேட்டாள். ஜெசிந்தா முழுவதும் சொன்னாள். அந்தப் பெண் ஒரு தடவைகூட அப்படியா என்று கேட்கவில்லை. எந்தப் படம், எந்த ஊர் என்று மட்டும் குறித்துக்கொண்டு, குரல் அறைக்குக் கூட்டிப் போனாள்.

குரல் அறையில் பொத்தானை அழுத்தினார்கள். ரெடி, ஆக்‌ஷன் என்றார் வேதகிரி. அடுத்ததை அழுத்தினார்கள், ரெடி, ஆக்‌ஷன். இருபத்து நாலு பொத்தான் இருந்தது, இருபத்து நாலிலும் அவர் ஆரம்பித்துத்தான் வைத்தார். ஒவ்வொரு ஆக்‌ஷனுக்கும் அமலோற்பவத்தின் கண்ணில் கொஞ்சம் கூடுதலாக வந்ததைப் பார்த்து ஜெசிந்தா, போதும், நிறுத்துங்கள் என்றாள்.

இலக்கியா உள்ளே போய் ஒலிப்பதிவு ஆளிடம் கேட்டுக்கொண்டு வெகுநேரம் கழித்து வந்தாள். அவள் முகத்தைப் பார்த்தே கமருன்னிசாவுக்குத் தெரிந்துவிட்டது. எடிட்டர்கள் எப்போதும் கட் என்ற சொல்லுக்கு முன்னாலேயே வெட்டிவிடுவார்களாம், வெட்டியதைக் கூடையில் போடுவார்களாம், கூடையைச் சாயங்காலம் குப்பையில் கொட்டுவார்களாம். ஐம்பது வருஷமும் அப்படித்தான். அவர்கள் சேர்த்து வைத்திருக்கிற பதினோரு மணி நேரக் குரலில் தப்பித்தவறி ஒரே ஒரு கட் இருக்கிறது, அதுவும் வேறொரு படத்தில் ஒரு எருமைக்குச் சொன்னது.

"அதையாவது போடும்மா," என்றாள் கமருன்னிசா. "எருமைக்குச் சொன்னா என்ன, வாய் அவருதுதானே."

போட்டார்கள். விஷயம் தெரிந்து கூடத்தில் இருந்தவர்கள் எல்லாரும் வாசலில் வந்து நின்றிருந்தார்கள். கட், கட், அதைப் பிடிங்கய்யா என்றது குரல். எல்லாரும் அமலோற்பவத்தின் தாடையைப் பார்த்தார்கள். ஒரு சொட்டு விழுந்தது. அடுத்தது வழக்கமான இடைவெளியில் விழுந்தது. யாரோ உச்சுக்கொட்டினார்கள். வேறு படத்துக் கட் இந்தப் படத்துக்கு எப்படி ஆகும் என்று அமலோற்பவமே சொல்லிவிட்டு எழுந்தாள். எழும்போது ஜெசிந்தாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். அலுப்பாக இருக்கிறது, பாப்பா, வீட்டுக்குப் போகலாம் என்றாள். முப்பத்து நாலு வருஷத்தில் அவள் அலுப்பு என்று சொல்லி மகள் கேட்டது அன்றைக்குத்தான்.

வெளியே போகிற வழியில் கடைசியாக, ஐயாவின் சாப்பாட்டு மேசை என்று எழுதி ஒரு மேசையை வைத்திருந்தார்கள், தட்டும் டம்ளரும்கூட வைத்துச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தார்கள். கயிற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு நாற்காலியில் அவர் மனைவி ரங்கநாயகி அம்மாள் உட்கார்ந்திருந்தார். எண்பது வயது இருக்கும். சனிக்கிழமைதோறும் மகன் கொண்டுவந்து உட்கார வைப்பாராம், வருகிறவர்கள் காலில் விழுந்து எழுந்து போவார்கள். யார் வந்தாலும் நிமிர்ந்து பார்க்காதவர் அமலோற்பவத்தை நிமிர்ந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"உன்கிட்ட என்ன சொல்லிட்டுப் போனார்?" என்று கேட்டார்.

கமருன்னிசா வாயைத் திறந்தாள், ஜெசிந்தா அவள் கையைப் பிடித்து அழுத்தினாள்.

"அப்படியே இரும்மா, நான் வர்றேன்னு சொன்னாருங்கம்மா."

"எங்கே?"

"பழவேற்காட்ல. தாழங்கரை எடுத்தப்போ."

"தாழங்கரையா." அந்த அம்மாள் கயிற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த தட்டைப் பார்த்தார். "அதுக்குப் போறப்ப சாயந்தரம் வந்துடறேன், ரசம் வைன்னு சொல்லிட்டுப் போனார். நாலு மாசம் கழிச்சு வந்தார். வந்து, ஏன் இளைச்சுட்டேன்னு கேட்டார்."

ரசம் என்ன ஆச்சுங்கம்மா என்று அமலோற்பவம் கேட்டாள். பெரிய மனுஷியிடம் கேட்கிற கேள்வியா அது என்று அவளுக்கே பட்டது. ஆனால் ரங்கநாயகி அம்மாளுக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது போல. அன்னன்னைக்கு வைத்து அன்னன்னைக்கு வேலைக்காரியிடம் கொடுத்துவிட்டதாகவும், வைக்காமல் விட்டால் அன்றைக்குப் பார்த்து வந்து நிற்பாரோ என்று பயமாக இருந்ததாகவும் சொன்னார். சொல்லிவிட்டு, முகத்தை ஏன் துடைக்கவே இல்லை என்று கேட்டார். கன்டின்யூட்டி போயிடுமேங்கம்மா என்றாள் அமலோற்பவம்.

அந்த அம்மாள் நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்து நின்றார். காலில் விழக் காத்திருந்தவர்கள் நகர்ந்து வழிவிட்டார்கள். தன் முந்தானையை எடுத்து, சாப்பிட்ட பிள்ளைக்கு வாய் துடைப்பதுபோல, அமலோற்பவத்தின் இடது கன்னத்தையும் வலது கன்னத்தையும் துடைத்தார், கண்ணோரத்தையும் துடைத்தார்.

"அவர் வரமாட்டார்மா," என்றார். "நீ வீட்டுக்குப் போ."

அவ்வளவுதான் சொன்னார். சொல்லிவிட்டு மகனைக் கூப்பிட்டு, எனக்கும் நேரமாச்சு, வண்டியை எடு என்றார். மகன், இன்னும் ஆறு மணி ஆகவில்லையே, ஆட்கள் நிற்கிறார்களே என்றார். நிற்கட்டும் என்றார் அந்த அம்மாள்.

கண்ணீர் அங்கே நிற்கவில்லை. திரும்புகிற பஸ்ஸில் ஜன்னலோரம் அமலோற்பவம் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள், கமருன்னிசா பக்கத்தில் உட்கார்ந்து அவள் தாடையையே பார்த்துக்கொண்டு வந்தாள். ஒரு சொட்டுக்கும் அடுத்த சொட்டுக்கும் நடுவில் நேரம் கூடிக்கொண்டே வந்தது. பிறகு ஒரு சொட்டு தாடைவரை வராமல் கன்னத்திலேயே காய்ந்தது. மூன்று ஸ்டாப் வரைக்கும் கமருன்னிசா மூச்சுவிடவில்லை, சொன்னால் திரும்ப ஆரம்பித்துவிடுமோ என்று பயந்தாள். நாலாவது ஸ்டாப்பில் முன்சீட்டில் இருந்த ஜெசிந்தாவின் முதுகைத் தட்டி, திரும்பிப் பார்க்கச் சொல்லிக் கை காட்டினாள். ஜெசிந்தா முப்பத்தேழு வயதில், நினைவு தெரிந்து முதல் தடவையாகத் தன் அம்மாவின் காய்ந்த முகத்தைப் பார்த்தாள். இரண்டு கன்னத்திலும் ஓடை ஓடிய தடம் வெளுப்பாக இருந்தது. இவ்வளவு சின்ன முகமா என்று நினைத்தாளாம்.

தெருவுக்கு அது அவ்வளவு லேசாகப் பழகவில்லை. ரேஷன் கடையில் அவளை வரிசைக்குப் போகச் சொன்னார்கள், நான்தான் அமலோற்பவம் என்று சொல்லியும் கடைக்காரர் நம்பாமல் அட்டையையும் அவளையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பட்டா மனுவுக்கு அவளை நம்பியிருந்த ஒரு குடும்பம் இரண்டு நாள் பேசவில்லை. ஆடு ஒரு வாரம் கொடியடியில் வந்து நின்று பார்த்துவிட்டுப் போயிற்று. பிறகு தெரு அதையும் தின்று செரித்துக்கொண்டது. அடுத்த மாதமே ஒரு காதுகுத்துக்கு அவளை முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். அருங்காட்சியகத்தில் அடுத்த சனிக்கிழமை அந்த நாற்காலி காலியாக இருந்ததாகவும், அதற்கடுத்த சனிக்கிழமை அதை எடுத்துவிட்டதாகவும் இலக்கியா போனில் ஜெசிந்தாவிடம் சொன்னாள்.

அமலோற்பவம் கண்காட்சியிலிருந்து வந்த அன்றைக்குப் படுத்தவள் இரண்டு நாள் தூங்கினாள். கஞ்சி கொடுத்தால் குடித்துவிட்டுத் திரும்பப் படுத்தாள். மூன்றாம் நாள் மத்தியானம் எழுந்து, தலை வாரி, சூசையின் படத்துக்குக் கீழே தரையில் உட்கார்ந்தாள். ஜெசிந்தா அடுப்படியில் இருந்தாள். ஒரு சத்தம் கேட்டது, மூக்கு அடைத்து, தொண்டை கிழிந்து வருகிற சத்தம், அந்த வீட்டில் அதுவரை கேட்காத சத்தம். ஓடி வந்து பார்த்தால் அம்மா அழுதுகொண்டிருந்தாள். ஐயோ, திரும்ப வந்துவிட்டதே என்று ஜெசிந்தா கிட்டே போனாள். அம்மா ஒரு கையைத் தூக்கி, கிட்டே வராதே என்று காட்டினாள். இது அப்பாவுக்கு என்றாள். பத்து நிமிஷம் இருக்கும். பிறகு அவளே முந்தானையால் முகத்தைத் துடைத்து, மூக்கைச் சிந்தி, எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு, என்ன குழம்பு என்று கேட்டாள்.

டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, கண் காய்ந்திருக்கிறது, இனி கத்தி வைக்கலாம் என்றார். ஆனால் ரொம்ப நாள் தள்ளிப்போய்விட்டது, எவ்வளவு பார்வை கிடைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது, விரல் எண்ணுகிற அளவுக்கு வந்தாலே பெரிசு, முழுக்கப் போய்விடவும் கூடும் என்றார். அம்மா பயப்படுகிறாளா என்று நான் ஜெசிந்தாவிடம் கேட்டேன். பயம் இல்லைங்கம்மா, அலுப்புதான் என்றாள். அந்தப் பக்கம் கண்ணை மூடி உட்கார்ந்திருந்த அந்த அம்மா எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். பார்வை வந்தால் முதலில் பாப்பா முகத்தைப் பார்ப்பேன், வராவிட்டால் தடவிப் பார்ப்பேன் என்று கண்ணைத் திறக்காமலே சொன்னாள்.

ஆபரேஷன் இந்த மாதம் கடைசி வியாழக்கிழமை, காலை எட்டு மணிக்கு. நீங்கள் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர்களாக இருந்தாலும் சரி, அன்றைக்குக் காலையில் விளக்கேற்றும்போதோ தொழும்போதோ, அடுப்பைப் பற்றவைக்கும்போதாவது, ஒரு தடவை அவள் பெயரைச் சொல்லுங்கள். அமலோற்பவம். இடது கண்.